மூடாமல் ஏறிய வலை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் மழை வருவதை வானிலைக்காரர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

அப்பா போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. நீ வராததைப் பற்றி இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். செய்தி சாயங்காலம்தான் கிடைத்தது, சாமான் படகு மதியமே கரைக்குத் திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தாய். கடலின் நடுவில் இருப்பவன் நீந்தியா வர முடியும். மறுநாள் சாயங்காலம்வரை உனக்காக வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டோம். கடைசியாக அவர் உன்னைப் பற்றிச் சொன்னது ஒன்று என்னிடம் இருக்கிறது. அது காகிதத்தில் எழுத வரவில்லை. நேரில் வரும்போது சொல்கிறேன்.

இப்போது வேலை. எங்கள் அருங்காட்சியகத்தில் கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டைக் கடலாக மாற்றப் போகிறார்கள். ஐந்து திருப்பங்கள், ஐந்து ஆழங்கள். மேல் திருப்பத்தில் வெயில் படும் கடல். கடைசித் திருப்பத்தில் அடிப்பள்ளம். எந்த உயிர் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தப்பில்லாமல் எழுதி, வண்ணம் தீட்டி வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில். உங்கள் ஆய்வுக் கப்பல் அனுப்பிய ஜாடிகள் எல்லாம் என் அறையில்தான் இருக்கின்றன. ஆனால் சாராயத்தில் ஊறி எல்லாம் சாயம் போன சட்டை மாதிரி வெளிறிக் கிடக்கின்றன. உயிரோடு பார்த்தவன் நீ. நிறத்தை நீதான் எழுத வேண்டும்.

அப்பா இருந்திருந்தால், "அஞ்சு தளத்துக்கும் படியா? ஒரு லிஃப்ட் வைக்கக் கூடாதா?" என்று கேட்டிருப்பார். நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த கை அது.

பதில் போடு. சுருக்கமாகப் போடாதே.

உன் அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படகில் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இரண்டிரண்டு படியாக ஏறுவதை நிறுத்து.

நிறம் கேட்டாய். மேலிருந்து தொடங்குகிறேன்.

இருநூறு மீட்டர்வரை வெயில் கடல். இங்கே எல்லாருக்கும் முதுகு நீலம், வயிறு வெள்ளி. சூரை மீன் வந்தால் தண்ணீருக்குள் இரும்பை உருக்கி ஊற்றினது போல இருக்கும். கடலாமை அவசரமே இல்லாத பிராணி, உன் மேலதிகாரி மாதிரி. பறக்கும் மீன்கள் துரத்தலுக்குப் பயந்து எகிறி எங்கள் தளத்தில் வந்து விழும். காலையில் பெருக்குபவர் அவற்றைக் கையால் எடுத்துத் திரும்பக் கடலில் விடுவார். அவற்றின் இறக்கையை விளக்கொளியில் பிடித்தால் பாட்டில் கண்ணாடியின் நிறம்.

இருநூறிலிருந்து ஆயிரம்வரை மங்கல் கடல். அங்கே விளக்கு மீன், விலாவில் வரிசையாகச் சின்னச் சின்ன வெளிச்சம். கோடரி மீன், ரூபாய் நாணயம் அளவு, தகடு மாதிரி. அது தன் வயிற்றில் இருக்கும் வெளிச்சத்தை மேலிருந்து வரும் வெளிச்சத்துக்குச் சமமாக வைத்துக்கொள்ளும். கீழேயிருந்து பார்ப்பவனுக்கு அங்கே மீன் இருப்பதே தெரியாது. ஒளிந்துகொள்ள விளக்கு ஏற்றும் பிராணி அது.

ஆழம் எப்படித் தெரியும் என்று படிக்கட்டுக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். என் வேலையே அதுதான், எழுதிக்கொள். வலை வாய் மூடியே இறங்கும். வேண்டிய ஆழம் போனதும் கம்பி வழியாக ஒரு பித்தளை எடையை விடுவேன். அது போய் இடித்தால் வாய் திறக்கும். இழுத்து முடித்ததும் இரண்டாவது எடை. அது இடித்தால் வாய் மூடும். பிறகுதான் கம்பியை இழுக்கும் உருளை எந்திரத்தை, அதாவது வின்ச்சை, மேலே சுற்றுவேன். இரண்டாவது எடை போகாவிட்டால் வலை வழியெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். எது எங்கே இருந்தது என்று கடவுளுக்கே தெரியாது. எடைகளுக்கு இங்கே பெயர் தூதன்.

வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை. தனியாக இருக்கிறாய்.

தம்பி

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், கேட்கிறது. உனக்கு இருமல் ஏதும் இல்லையே?

கடிதத்தைப் பிரிவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். கடலாமை வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். என் மேலதிகாரி, அதுதான் நாங்கள் பெரிய கண்ணாடி என்று சொல்லும் மனிதர், பக்கத்திலேயே நின்றிருந்தார். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். ஐம்பத்தேழாம் ஜாடி. சீட்டில் இரண்டாயிரத்து நானூறு மீட்டர் என்று இருக்கிறது. வலை ஏறத் தொடங்கியது காலை 10.50. தேதி ஜனவரி 11. அந்தத் தேதியைப் பார்த்ததும் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அப்பா போன நாள்.

உள்ளே கறுப்புத் தூண்டில் மீன் இருக்கிறது. பெருவாய் விலாங்கு இருக்கிறது. சரிதான், இருட்டுக் கடலின் ஆட்கள். அவற்றுக்கு நடுவே கட்டை விரல் நீளத்தில் ஒரு பறக்கும் மீன், இறக்கைகூடக் கிழியாமல். இரண்டாயிரத்து நானூறு மீட்டரில் அதற்கு என்ன வேலை?

கப்பலில் ஜாடிகளை நிரப்பி மூடும் பெரியவர் கலந்து போட்டுவிட்டார் என்கிறார் பெரிய கண்ணாடி. உனக்கு ஏதாவது தெரியுமா?

அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். இருமல் இல்லை.

இருட்டுக் கடல், ஆயிரத்திலிருந்து நாலாயிரம்வரை. வெயில் ஒரு சொட்டும் வராது. தூண்டில் மீன் நெற்றியில் ஒரு விளக்கை ஆட்டிக்கொண்டு வாயைத் திறந்து காத்திருக்கும். பார்ப்பதற்குப் பயங்கரம், உள்ளங்கையில் வைத்தால் அவ்வளவுதான் இருக்கும். பெருவாய் விலாங்குக்கு வாயை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு வால்தான். இறால்கள் சிவப்பு, நல்ல ரத்தச் சிவப்பு. ஆனால் சிவப்பு வெளிச்சம் அங்கே போய்ச் சேராததால் அங்கே அவை வெறும் கறுப்பு. உன் ஓவியருக்குச் சொல், சிவப்பு தீட்டினால் தப்பில்லை, ஆனால் அங்கே அதை யாரும் பார்த்ததில்லை. எண்ணெய்த் திமிங்கிலம் மேலே மூச்சு வாங்கிக்கொண்டு இங்கேவரை வந்து கணவாய் பிடித்துவிட்டுப் போகும். இரண்டு வீட்டிலும் கால் வைத்திருக்கும் ஆள்.

ஜாடி விஷயம். எப்படி வந்ததோ தெரியவில்லை. ஜாடிக்காரருக்கு வயதாகிவிட்டது, கண்ணும் முன்போல இல்லை என்று நினைக்கிறேன்.

படகு கிளம்புகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அங்கே எப்படி?

நீ எழுதியதைப் பெரிய கண்ணாடியிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன். அவர் உடனே கப்பல் தலைவருக்கு எழுதிவிட்டார். ஆகஸ்ட் 20 படகில் ஜாடிக்காரரை இறக்கிவிடப் போகிறார்களாம். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் இருக்கிறது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். 

அதனால் ஜாடியை மறுபடி கொட்டிப் பார்த்தேன். இரண்டு ஜாடி கலந்திருந்தால் இரண்டு ஆழத்து ஆட்கள் இருக்க வேண்டும். இதில் விளக்கு மீன் மூன்று. கோடரி மீன் இரண்டு. ஓர் இறால், சிவப்பாக இருந்திருக்கும், இப்போது வெள்ளையாக இருக்கிறது. ஒரு சின்னக் கணவாய். பறக்கும் மீன். ஒவ்வொரு தளத்திலிருந்தும் ஒன்றிரண்டு பேர் ஏறியிருக்கிறார்கள், லிஃப்ட் கதவு திறந்தபடியே மேலே வந்தது போல. கதவு மூடாமல் வண்டி நகர்ந்தால் அப்பா அன்றைக்குச் சாப்பிடவே மாட்டார். உனக்குத் தெரியாததா.

இரண்டாவது எடையைப் பற்றி நீயேதான் எழுதினாய். இரண்டு கேள்வி கேட்கிறேன். அன்றைக்குக் காலையில் வின்ச்சில் யார் நின்றது? என் செய்தி உன் கைக்கு எத்தனை மணிக்கு வந்தது?

அக்கா

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போன படகில் எழுத முடியவில்லை, வேலை அதிகம்.

நாலாயிரத்துக்குக் கீழே வலை போடுவதில்லை, கேமராவை இறக்குவோம். அங்கே தரை மாவு சலித்துக் கொட்டினது போல இருக்கும். அதில் கடல் வெள்ளரிகள் கூட்டமாக மேய்கின்றன, சில ஊதா, சில கண்ணாடி மாதிரி, உள்ளே குடல் தெரியும். முக்காலி மீன் மூன்று நீளக் குச்சிகளை ஊன்றிக்கொண்டு, நீரோட்டத்துக்கு முகத்தைக் காட்டி, வருவது வரட்டும் என்று நிற்கும். காது போலத் துடுப்புள்ள ஒரு ஆக்டோபஸ் உண்டு, வெளிர் ஆரஞ்சு. ஆறாயிரத்துக்குக் கீழே அடிப்பள்ளம். அங்கேயும் ஆள் இருக்கிறது. நத்தை மீன், ரோஸ் நிறம், செதில் இல்லை, தொட்டால் கரைந்துவிடும் போல இருக்கும். அவ்வளவு பாரத்தை அது எப்படித் தாங்குகிறது என்று கேட்பார்கள். அதன் உடம்புக்குள் காற்றுப் பை கிடையாது, நசுங்குவதற்கு எதுவும் இல்லை.

ஐந்து தளமும் முடிந்தது. இனி உனக்கு என்னிடம் வேலை இல்லை.

ஜாடிக்காரர் என்னோடு பேசுவதில்லை. டீயை மட்டும் வின்ச் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

தம்பி

ஜூலை 24

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

கேள்வி கேட்டால் மீனைக் காட்டுகிறாய். சின்ன வயதிலிருந்தே நீ கல்லுளிமங்கன்தான். பூச்சாடியை உடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடந்தது என்று அப்பாவுக்கு ஒரு மணி நேரம் ஒப்பித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்து உன் கையில் கொடுத்தார்.

ஜாடிக்காரரின் விளக்கக் கடிதம் வந்தது. இரண்டே வரி. "வலையில் வந்ததைத்தான் போட்டேன். என் கண் நன்றாகத் தெரிகிறது." யார் பெயரும் இல்லை.

துறைமுக அலுவலகத்தில் செய்தி கொடுத்த ரசீதைத் தேடி எடுத்தேன்.  நேரம் காலை 9.40. அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன், கப்பலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று. "ஒரு மணி நேரம்கூட ஆகாதுக்கா," என்றாள். வலை ஏறியது 10.50. படகு கிளம்பியது மதியம்.

அன்றைக்கு முழுக்க வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் தம்பி. மறுநாளும். எல்லாரும், "இன்னும் எவ்வளவு நேரம் வைக்கிறது?" என்று கேட்டார்கள். வந்துவிடுவான் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தேழாம் ஜாடியின் அட்டை என் மேசையில் இருக்கிறது. ஆழம் என்ற இடம் காலி. பெரிய கண்ணாடியிடம் நான் போய்ச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். உன் வாயால் வர வேண்டியதை நான் எழுத முடியாது. ஆகஸ்ட் 20-க்கு அதிக நாள் இல்லை.

அக்கா

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இதில் மீன் இல்லை.

வின்ச்சில் நின்றது நான். செய்தி 10.35-க்கு வந்தது. வானொலி அறைக்காரர் காகிதத்தை நீட்டிவிட்டுத் தள்ளி நின்றார். "அப்பா காலமானார். உடனே வா." என் இடது கையில் இரண்டாவது எடை இருந்தது. அதைக் கம்பியில் மாட்டி விட வேண்டும், அது கீழே போய்ச் சேர இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வின்ச்சை மேலே சுற்றிவிட்டேன். எப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. சீட்டில் 'மூடியது' என்று டிக் போட்டதும் என் கைதான். அதைத் தெரிந்தே போட்டேன்.

வலையோடு ஒரே ஓர் எடைதான் மேலே வந்தது. அதைக் கழற்றி ஆணியில் மாட்டியது ஜாடிக்காரர். பக்கத்து ஆணி காலியாக இருந்ததை அவர் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். இன்றுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் தலையில் பழியைக் கட்டி நான் உனக்கு எழுதியது தெரிந்த பிறகும் டீ வைத்தார்.

மதியம் படகு வந்தது. தலைவரே வந்து, "பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புப்பா, ஒரு வேலையும் இல்ல," என்றார். நான், "வேண்டாங்க, போனாலும் முகம் பார்க்க முடியாது," என்றேன். பொய். மறுநாள் விடிவதற்குள் கரையில் இருந்திருப்பேன்.

ஏன் என்று கேட்பாய். போன விடுமுறையில் கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புகிறது என்று சொல்லிவிட்டுப் போனேனே, அது திங்கட்கிழமைதான் கிளம்பியது. நடுவில் மூன்று நாள் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் மாலுமிகள் விடுதியில் படுத்துத் தூங்கினேன். தினமும் சாயங்காலம் அப்பா, "கரைக்கு எப்ப வந்து சேரப்போற?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிற்று. "இன்னும் ரெண்டு நாள் இரேன்டா," என்று வாசல்வரை வந்து கேட்டார். முடியாதுப்பா, கப்பல் காத்திருக்காது என்றேன். அரை மணி நேரத் தூரத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த மூன்று நாளை அவருக்குக் கொடுக்காதவன் கடைசியில் வந்து அவர் கால்மாட்டில் நின்று அழுதால் அது நடிப்பு மாதிரி இருக்கும் என்று தோன்றியது. அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

இன்று காலை தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜாடிக்காரர் இருக்கிறார். 20-ஆம் தேதிப் படகில் இறங்குவது நான். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அப்பாவுக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார். அறுபத்தெட்டு என்றேன். "என்னைவிடப் பத்து வயசு மேல," என்று சொல்லிவிட்டு ஜாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

எடை இன்னும் என் பையில் இருக்கிறது. விடுதியில் தங்க எனக்கு மனசில்லை. வீட்டுக்கு வரலாமா அக்கா? வேண்டாம் என்றால் புரிந்துகொள்வேன்.

தம்பி

ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. தபாலில் போட்டால் உன்னைத் தாண்டிப் போய்விடும் என்று இதைத் துறைமுக அலுவலகப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். படகிலிருந்து இறங்கியதும் தருவாள். நான் நலம்தான்.

அட்டையை எழுதி முடித்துவிட்டேன். "ஜாடி 57. ஆழம்: 2,400 மீட்டர் முதல் கடல்மட்டம் வரை. வலை மூடப்படவில்லை." பெரிய கண்ணாடி படித்துவிட்டு, இது எந்தத் தளத்துக்கும் ஆகாது என்றார். ஆகாதுதான், அதனால் படிக்கட்டின் அடியில், எல்லாத் தளமும் முடிந்த இடத்தில் வைக்கிறேன் என்றேன். அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். இரண்டு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தக் கோபம் எனக்கு எப்போது போகுமோ தெரியாது. வீட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் கோபப்பட வேண்டும்.

நேரில் சொல்கிறேன் என்று ஒன்றைப் பாக்கி வைத்திருந்தேன். உனக்கு வலிக்குமே என்றுதான் இத்தனை நாள் மென்று விழுங்கினேன். இனி அதை வைத்திருப்பதில் அர்த்தம் இல்லை, நேரில் சொல்லவும் என்னால் ஆகாது.

நீ கிளம்பிய மறுநாள், சனிக்கிழமை, அப்பாவை ஒரு பழைய கட்டடத்திலிருந்து கூப்பிட்டார்கள். லிஃப்ட் ராத்திரியெல்லாம் கிறீச்சிடுகிறது, ஆட்கள் தூங்க முடியவில்லை என்று. ஓய்வு பெற்ற பிறகும் அந்த விடுதிக்கு அவர்தான் போவார் என்பதை நீ மறந்துவிட்டாய். மூன்றாம் மாடி வராந்தாவில் உன் செருப்பு கிடந்ததாம். இடது வார் அறுந்து, அவரே தைத்துக் கொடுத்த செருப்பு. கதவைத் தட்டவில்லை. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சின்னவன் அங்கதான் இருக்கான். தூங்குறான். கப்பல்ல என்ன தூக்கம் கிடைக்கும் பாவம். எண்ணெய் போட்டுட்டு வந்தேன், இனிமே சத்தம் வராது."

பிறகு கை கழுவிவிட்டு வந்து, "அவன்கிட்ட கேக்காத," என்றார்.

சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஆனால் 20-ஆம் தேதி விடுப்பு எடுத்திருக்கிறேன், கதவைத் திறந்துதான் வைத்திருப்பேன். வா.

உன் அக்கா